இல்லாத ஈ

அக்காவின் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தான், எழுந்தான், ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தான்.

"என்னடா, முள்ளு மேல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றாள் அக்கா.

அவன் வீட்டு நாய்க்கு மேஸ்திரி என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும். கொஞ்ச காலமாக அது திடீரென்று தலையைத் தூக்கி, காற்றில் லபக்கென்று எதையோ கவ்வும். அங்கே ஒன்றும் இருக்காது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "ஈ பிடிடா மேஸ்திரி!" என்று கைதட்டி, பிஸ்கட் போட்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்கள். அதைவிட மடத்தனம் உண்டா? இன்று காலை கால்நடை மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது வித்தை இல்லீங்க. ஒரு மாதிரி வலிப்பு. மூளைக் கோளாறு, பரம்பரையா வர்றது. மாத்திரை குடுத்துப் பாக்கலாம். இதோட குட்டி எங்கயாவது இருக்கா?"

இருந்தது. இதோ, அக்காவின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் தவறிய பிறகு அக்கா பேச்சையே விட்டிருந்தாள். சமைத்து வைத்ததைச் சாப்பிடவும் மறந்துபோவாள். இவன்தான் குட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டான். இப்போது அவள் வாய் ஓய்வதில்லை, எல்லாம் குட்டி புராணம்தான். அந்த வாயை எப்படி அடைப்பான்?

"அக்கா, இது எப்பவாச்சும் சும்மா காத்தக் கவ்வுதா?"

"ஆமாண்டா, நேத்துகூட! அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கு. நான் சொல்லியே குடுக்கல!"

அவன் சொல்லிவிட்டான். மருத்துவர் சொன்னதைக் கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாக, ஒரே மூச்சில். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு திரைச்சீலையை உதறினாள். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா தேடுற?"

"இந்த வீட்டுல ஈ இருக்குடா. நெறைய இருக்கு. நீ பாத்ததில்ல."

"மாத்திரை இருக்குக்கா. நாளைக்கே டாக்டர்கிட்ட..."

"மொதல்ல அந்த லைட்டப் போடு."

போட்டான். சுவர்கள் பளிச்சென்று வெறுமையாக இருந்தன. ஒன்றே ஒன்றாவது இருந்து தொலையக்கூடாதா என்று அவனும் முக்காலி மேல் ஏறி, குழல்விளக்குக்குப் பின்னால் தேட ஆரம்பித்தான். விழித்துக்கொண்ட குட்டி, இரண்டு பேரும் தனக்காகத்தான் விளையாடுகிறார்கள் என்று வாலை ஆட்டியபடி கீழே நின்று பார்த்தது.