மூன்றாம் கம்பத்தடியில் நான்கு சென்டிமீட்டர்

"நாலா?" என்றார் ஹோட்ஸே.

"நாலுதான்," என்றாள் ரென்ஸ்கே.

"நேத்தும் நாலுன்னே."

"நேத்தும் நாலு, முந்தாநாளும் நாலு. நான் என்ன கையால அமுக்கியா வச்சிருக்கேன்?"

ஹோட்ஸே எங்கள் ஊர் ஐஸ் சறுக்குச் சங்கத்தின் தலைவர். ரென்ஸ்கே இந்தக் குளிர்காலத்தில்தான் ஐஸ் பொறுப்புக்கு வந்தவள். சங்கத்துக் குளம் உறைந்ததும் தினமும் காலையில் துளையிட்டுத் தடிமனை அளக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் ஆனால்தான் பந்தயத்துக்குத் திறக்கலாம். தண்ணீர் இடுப்பளவுதான் என்றாலும் முந்நூறு பேரை அதில் நனைக்க யாருக்கும் ஆசையில்லை. ஆறு வருடமாக நெதர்லாந்தின் வடக்கே எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் சரியான குளிரும் இல்லை, குளத்தில் பந்தயமும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று மழை என்றது வானொலி. ஆக, இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். நண்பகலுக்குள் சுற்று ஊர்ச் சங்கங்களுக்கு உண்டா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

"என் வாய்க்கால் ஐஸ் மேல மாடே நடக்கும்," என்றார் விப்ரென். குளத்துக்கு அடுத்த பண்ணை அவருடையது.

"உங்க மாடு பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கா?"

"கோவிச்சுக்காத. சொன்னேன்."

"கோவமில்ல விப்ரென். எனக்குப் புரியல, அவ்வளவுதான். ராத்திரி ராத்திரி மைனஸ் ஏழு. ஊர் முழுக்க வளருது, இங்க மட்டும் ஏன் வளரல? அடியில ஊத்து ஏதாவது இருக்கா?"

"எங்கப்பா காலத்துல இருந்து இல்ல."

"வாத்து நீந்தி உறையவிடாம பண்ணுதா?"

"வாத்தெல்லாம் எங்க கொட்டில்ல," என்றார் விப்ரென்.

நான் சங்கத்துக் குடிலில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் ரென்ஸ்கே குளக்கரை மரத்துறையின் மூன்றாம் கம்பத்தருகே குப்புறப் படுத்திருந்தாள். காற்று கொண்டுவந்து போட்டிருந்த பனித்தூளைக் கையுறையால் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் துடைத்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க. ஆல்ட்யே, நீங்களும்."

போனோம். கறுத்த ஐஸில் வெள்ளை வட்டங்கள். ஒன்றோடொன்று ஒட்டியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் கிடந்தன.

"நான் போட்டது அஞ்சு," என்றாள். "இங்க இருபத்தி மூணு இருக்கு."

ஹோட்ஸே வானத்தைப் பார்த்தார். விப்ரென் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"நான் ஒரு தடவதான்," என்றார் விப்ரென். "சாயங்காலம், பால் கறந்த பெறகு. சும்மா, எவ்வளவு ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

"ஒரு தடவயா?"

"தினமும் ஒரு தடவ."

"நீங்க?"

"தலைவர்னா பாத்து வச்சுக்க வேணாமா?" என்றார் ஹோட்ஸே.

"ஆல்ட்யே, நீங்க ஏன் குடிலப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"என்கிட்ட டிரில்லே கெடையாதும்மா," என்றேன்.

"என்கிட்டதான் வாங்கிட்டுப் போனா," என்றார் விப்ரென்.

ரென்ஸ்கே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "சாயங்காலம் நீங்க ஆளாளுக்கு ஓட்ட போடுறீங்க. ஓட்டையில தண்ணி மேல வருது. ராத்திரி அது மட்டும் புதுசா உறையுது. காலைல நான் வந்து அதையே அளக்குறேன். அஞ்சு நாளா ஒரே ஒரு ராத்திரி ஐஸத்தான் அளந்துக்கிட்டிருக்கேன்."

"வேற எடத்துல அளந்திருக்கலாமே," என்றார் ஹோட்ஸே.

"மூணாம் கம்பத்துலதான் அளக்கணும்னு சங்கத்து விதியில இருக்கு. கீழ உங்க கையெழுத்து."

"அதான் நாங்களும் அங்கயே போட்டோம்," என்றார் விப்ரென்.

ரென்ஸ்கே துளைக்கருவியை எடுத்துக்கொண்டு குளத்தின் நடுவுக்கு நடந்தாள். நாங்கள் கரையில் நின்றோம். காப்பி பொங்கிய வாசனை வந்தது, யாரும் நகரவில்லை. ஒரு துளை. குனிந்து அளவுகோலைப் பார்த்தாள். இன்னொன்று. பிறகு அக்கரை வரை போய் மூன்று.

திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "ஒம்பது. ஒம்பது. பத்து. கரையோரம் எட்டரை, எட்டரை."

"அப்ப சொல்லிடலாம்," என்று ஹோட்ஸே தொலைபேசியை எடுத்தார்.

"இருங்க. இந்த எடம் சல்லடை. பந்தயம் தொடங்குற கோட்ட ஏழாம் கம்பத்துக்கு மாத்தணும். அதுக்கு முன்னால நீங்க அங்கேருந்து இறங்கி அக்கரைக்கு நடங்க."

"நானா?"

"நம்மள்ல நூறு கிலோவுக்கு மேல யாரு? நாளைக்கு அத்தன பேரையும் ஏத்தப்போறேன். நானும் தெரிஞ்சுக்கணும்ல."

ஹோட்ஸே இறங்கினார். பாதி தூரத்தில் குளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளமாக முனகியது. அவர் ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.

"ரென்ஸ்கே."

"கெட்டி ஐஸ்தான் அப்படிக் கத்தும். நடங்க."

நடந்தார். அக்கரையில் நாணலைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சொல்லலாமா?" என்று கத்தினார்.

"சொல்லுங்க."

அங்கிருந்தபடியே அடுத்த ஊர்ச் சங்கத்தை அழைத்தார். குளிர் காற்றில் ஒவ்வொரு சொல்லும் இக்கரைக்குக் கேட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு… ஆமா, எங்க கொளத்துலதான்… ஒம்பது… நல்லாத்தான் அளந்தோம்யா." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். ஹோட்ஸே ரென்ஸ்கேயைப் பார்த்தார்.

"வேணாம், வேணாம்," என்றார். "நீங்க வந்து ஒண்ணும் அளக்க வேணாம்."