பாக்கியலட்சுமியின் கோடிச் சேலை

மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருந்த கட்டட மேஸ்திரி சித்தையனின் மனைவி பாக்கியலட்சுமி 1991 டிசம்பரில் இறந்தாள். அவளுடைய முந்தானையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் வரத் தொடங்கியது அடுத்த பொங்கல் கழிந்த பிறகுதான். இடையில் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். சித்தையன் கொள்ளேகால் தாலுகாவின் கடைசி ஊர்களில் ஒன்றான ஊஞ்சமடுவைச் சேர்ந்தவன். பாக்கியலட்சுமி காவிரிக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே நாவல்துறையில் பிறந்தவள். நடுவில் ஓடும் ஆறுதான் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை என்பது ஊஞ்சமடுவில் பள்ளிக்கூடம் வந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. அதுவரை ஆறு என்றால் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் தாண்ட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். ஆடியில் செந்நீர் வந்தால் இரண்டு கரையிலும் ஒரே நாளில் முளைப்பாரி விடுவார்கள். மாதேஸ்வரன் மலைக்கு நடக்கிற அக்கரைக்காரர்கள் இக்கரையில் களி தின்றுவிட்டுத்தான் காட்டுப் பாதையில் ஏறுவார்கள். கல்யாணத்தன்று பெண்ணைப் பரிசலில் ஏற்றி அனுப்பும் துறைக்குப் பெண்துறை என்று பெயர். அந்தப் பெண் என்றைக்குச் செத்தாலும், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடன்பிறந்தவன் தன் கையால், அதே துறையில் பரிசல் ஏறி, ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து போர்த்த வேண்டும். போர்த்தினால்தான் பிணத்தை எடுப்பார்கள். இந்த ஒரு முறையில் இரண்டு கரைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீரைப் பங்கு போட்ட தீர்ப்பு வெளியாகி ஊரெங்கும் கலவரம் நடந்தது. மண்டி மொஹல்லாவின் சந்துக்குள்ளும் ஆட்கள் கட்டைகளோடு வந்து தமிழ் வீடுகளை விசாரித்தார்கள். வீட்டுக்காரர் பசவராஜ் சித்தையன் குடும்பத்தை உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டு, வீடு காலி என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே சித்தையனும் பாக்கியலட்சுமியும், ஏழாம் வகுப்புப் படித்த மகள் தாரணியும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். சாயங்காலம் சந்து அடங்கியது என்று நினைத்து, பசவராஜைப் பூட்டைத் திறக்கச் சொல்லி, பாக்கியலட்சுமி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். குழாயடியில் எதிர்வீட்டு சுலோசனா நின்றிருந்தாள். சுலோசனாவும் தமிழ்தான், அவள் தாத்தா சேலத்திலிருந்து வந்தவர். ஆனால் அன்றைக்கு அவள் வாசலில் கன்னடக் கொடி கட்டியிருந்தாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இவள் கடைசியில் நிற்கட்டும் என்று கன்னடத்தில் சொன்னாள். பாக்கியலட்சுமி கடைசியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அவளுக்கு முன்னால் போனார்கள். குழாய் நின்றது. காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு செத்துப் போனாள்.

மறுநாள் சித்தையனோடு வேலை செய்கிற நாலு பேர் பயந்து பயந்து வந்து தூக்கினார்கள். அவள் தரையை விட்டு எழவில்லை. பசவராஜும் ஒரு கை கொடுத்தார். சென்ட்ரிங் பலகையைக் கொடுத்து நெம்பியும் பார்த்தார்கள். தரையில்தான் விரிசல் விட்டது. கோடி வராமல் எடுக்க முடியாது என்று சித்தையனுக்குப் புரிந்தது. பஸ்கள் எல்லையோடு நின்றிருந்ததால், மேட்டூர்ப் பக்கம் போகத் துணிந்த ஒரு லாரிக்காரனிடம் மைத்துனன் காளிதாசுக்குச் சொல்லி அனுப்பினான். சொல்லி அனுப்பிய வார்த்தைதான் பிசகு. பெண் செத்துவிட்டாள் என்று பிறந்த வீட்டுக்கு யாரும் நேராகச் சொல்வதில்லை. உடம்புக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வரவும் என்றுதான் சொல்வது வழக்கம். கேட்கிறவர்கள் சொல்பவனின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். லாரிக்காரனிடமிருந்து ஆள் மாறி, ஆள் மாறி, சில வாரம் கழித்துச் சேதி போய்ச் சேர்ந்தபோது அதில் முகம் இல்லை.

நாவல்துறையில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்த காளிதாஸ் ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி, மலை வழியாகக் கொள்ளேகால் வந்து, பொங்கலன்று மைசூரில் இறங்கினான்.

"அக்கா எந்த ஆஸ்பத்திரில இருக்குதுங் மச்சான்?"

"ஆஸ்பத்திரில இல்ல மாப்ள. அதோ உக்காந்திருக்கா பாரு."

காளிதாஸ் அக்காளின் அருகில் குந்தி, ஒரு சாத்துக்குடியை உரித்து, ஏன் இப்படி இளைச்சுப்போன என்று கேட்டுக்கொண்டே அவள் கையைப் பிடித்தான். பிடித்ததும் விட்டுவிட்டான். பிறகு பழத்தைக் கீழே வைத்தான்.

"செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லி உடப்படாதுங்களா மச்சான்? சேல கொண்டாந்திருப்பனே. ரொட்டியக் கொண்டாந்து நிக்கறனே."

"பொறந்த வீட்டுக்கு அப்படி மொட்டையா சொல்லி உட்டா நல்லாவா இருக்கும்? உங்க ஊர்ல பொறந்த எங்கம்மாவுக்கும் சீரியசுன்னுதான் சொல்லி உட்டது. நீங்க எல்லாரும் கோடியோடதான வந்தீங்க."

"அந்த ஆளு சொன்னத நம்பிப்போட்டனே."

தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் சேலைக்கடைக்கா குறைச்சல் என்று சுலோசனா வாசலில் நின்று யோசனை சொன்னாள். காளிதாஸ் தன் துண்டால் அக்காளின் பாதங்களைத் துடைத்துவிட்டு, நாலே நாளில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினான். அவன் ஊர் போய்ச் சேர்ந்த வாரத்தில், காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி போகிறது என்று சொல்லி அந்தப் பகுதித் துறைகளில் பரிசல் ஓட்டத் தடை வந்தது. போலீஸ்காரர்கள் பரிசல்களைக் கரையேற்றிக் கிழித்துப் போட்டார்கள். பாலம் வழியாக பஸ்ஸில் வரலாம்தான். ஆனால் பெண்துறையைத் தாண்டாத சேலை கோடி ஆகாது. அது வெறும் கடைச் சேலைதான். காளிதாஸ் கோடியை வாங்கி வீட்டுப் பரணில் வைத்துவிட்டுத் தடை நீங்கக் காத்திருந்தான்.

அவன் துடைத்துவிட்டுப் போன பாதங்கள் மறுநாள் காலையில் ஈரமாக இருந்தன. தாரணி துடைத்தாள். மறுபடி ஈரம். தை முடிவதற்குள் முந்தானையின் ஓரத்திலிருந்து நூல் போலத் தண்ணீர் வந்து நடுவீட்டில் தேங்கியது. மாசியில் மணலும் வந்தது. அது காவிரித் தண்ணீர் என்பதில் சித்தையனுக்குச் சந்தேகம் வரவில்லை, வாசனை தெரிந்தவன். பிணம் கெடவில்லை, ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரித் தோல் மட்டும் சுருங்கியிருந்தது. சித்தையன் மேஸ்திரி ஆகையால் தரையைக் கொத்தி, வாட்டம் பார்த்து, அவள் காலடியிலிருந்து வாசல் வரை ஒரு வாய்க்கால் பூசி, சாக்கடைக்குக் குழாய் வைத்தான். வீடு ஈரமாகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அப்போது வேறு நோக்கம் இல்லை. அந்தக் கோடையில் தெருக்குழாய் வாரக்கணக்கில் வரவில்லை. முதலில் குடத்தோடு வந்தது சுலோசனாதான்.

"ஏன் தாரணி, சும்மா மோரிச் சாக்கடையிலதானே ஓடுது. ஒந்து கொடம் பிடிச்சுக்கட்டா?"

"கடைசில நில்லுங்க அத்தை," என்றாள் தாரணி.

வரிசை என்று ஒன்றும் இல்லை. சுலோசனா யாரும் இல்லாத வாசலில் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டு போனாள். மறுநாள் வரிசை இருந்தது.

வருடங்கள் அப்படியே போயின. ஆடியில் செந்நீர் வந்தது, நாவல் இலையும் கெண்டைக் குஞ்சும் சேர்ந்து வந்தன. ஐப்பசியில் தெளிந்தது. சேர்ந்தாற்போல இரண்டு மழை பொய்த்து ஆறு குறைந்தபோது இரு மாநிலத்திலும் பந்த் நடந்தது. பந்த் அன்று கல்லெறிந்தவர்களும் சாயங்காலம் சித்தையன் வாசலில் குடம் வைத்தார்கள். பசவராஜ் வாசலுக்கு வெளியே ஒரு தொட்டி கட்டச் சொல்லி, சித்தையன் கட்டினான். தொட்டியின் வால்வு சாவி சித்தையன் அரைஞாணில் தொங்கியது. காலையில் அவன் திறக்க வரும்போது முன்பு பேர் சொல்லி அழைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். சித்தையனவரே என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பாக்கியலட்சுமிக்கு மஞ்சள் பூசி மல்லிகை வைத்தார்கள். நெற்றி மட்டும் ஈரத்தில் குங்குமம் தாங்கவில்லை. தாரணி படிப்பை நிறுத்தி ஊதுபத்தி கம்பெனிக்குப் போனாள். கன்னடம்தான் அவளுக்கு வாயில் முதலில் வந்தது. ஆனால் தினமும் காலையில் அம்மாவின் மடியிலிருக்கும் குடத்தை நகர்த்தி, விரல்களைத் துடைத்து, பழைய தமிழில், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா, மாமா வந்துருவாரு என்று சொல்லிவிட்டே போனாள். எடுக்காத பிணம் இருக்கிற வீட்டில் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா முதுகைத் தரையில் சாய்க்க வேண்டும், அதுதான் அவளுக்கு. இத்தனை வருஷம் ஒருத்தி உட்கார்ந்தே இருக்க முடியாது.

1997இல் கொள்ளேகால் மைசூர் ஜில்லாவை விட்டுப் பிரிந்தது. அந்த வருஷக் கடைசியில் பெண்துறையில் பரிசல் விட அனுமதி கொடுத்தார்கள். காளிதாஸ் முதல் பரிசலில் கோடியோடு ஏறினான். மஞ்சளில் சிவப்புக் கரை. மடிப்பில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. மண்டி மொஹல்லாவில் அவன் சந்துக்குள் நுழைந்தபோதே, கோடி வருகிறது என்ற சேதி தொட்டியடிக்குப் போய்விட்டது. அவன் வாசலுக்கு வருவதற்குள் குடங்களோடு பெண்கள் நிலைப்படியை அடைத்து நின்றார்கள். பசவராஜ் தன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார்.

"அன்னைக்குப் பூட்டுப் போட்டுக் காப்பாத்தினது நானு," என்றார் பசவராஜ். "நாலு தெரு குடிக்கிற நீருப்பா இது. நீ ஒரு சேலையைப் போட்டுட்டு ஊருக்குப் போயிடுவே."

"பாக்யக்கா இல்லாம நாங்க எப்படிரீ இருக்கிறது?" என்று சுலோசனா உண்மையாகவே அழுதாள்.

காளிதாஸ் மச்சானைப் பார்த்தான். சித்தையன் அரைஞாணைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இத்தன வருசம் இருந்துட்டா. இப்ப என்ன மாப்ள அவசரம்? பங்குனி முடியட்டும்."

"அப்பா!" என்றாள் தாரணி. "மாமா, நீங்க உள்ள வாங்க. போத்துங்க. யார் தடுக்கறாங்கன்னு பார்த்துர்றேன்."

அவள் குடங்களைக் காலால் தள்ளி வழி செய்தாள். காளிதாஸ் உள்ளே போனான். அக்காளைப் பார்த்து அழுதான். கோடியை எடுத்தான். வழிநடை வந்தவனுக்குத் தாகமாக இருந்தது. குனிந்து வாய்க்காலில் ஒரு கை அள்ளிக் குடித்தான். குடித்தவன் நிமிர நேரமாயிற்று. அது பெண்துறைத் தண்ணீர். நாவல்துறையில் அந்த வருஷம் ஆறு அக்கரையை ஒட்டிச் சுருங்கிவிட்டது, கிணறுகள் வற்றிவிட்டன, அவன் வீட்டு மாடு விற்றுப்போனது. பரிசலையே பாதி தூரம் மணலில் இழுத்துத்தான் வந்திருந்தான். கோடியை மறுபடி மடித்தான்.

"இது எங்கூட்டுத் தண்ணி," என்றான். "அக்காவ நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கோடிய போத்துங்க மாமா," என்றாள் தாரணி.

"போத்தறேன் சாமி. அங்க போயிப் போத்தறேன்."

தாரணி அவன் கையிலிருந்து கோடியைப் பிடுங்கித் தானே அம்மாவின் மேல் போர்த்தினாள். மகள் கை பிறந்த வீட்டுக் கை அல்ல. சேலை நனையக்கூட இல்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் மறுபடி போர்த்தினாள். மறுபடி விழுந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்போது காளிதாஸ் அக்காளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தி, பரிசலை முதுகில் ஏற்றுகிற மாதிரி அவளை ஏற்றினான். எடுப்பதற்காகத் தூக்கியபோது தரையை உடைத்தவள், இப்போது பஞ்சு போல எழுந்தாள்.

சந்தில் அன்று நடந்த பேச்சு பொழுது சாயும்வரை நடந்தது. மைசூர்க்காரர்கள் அவள் செத்த இடம் இது என்றார்கள். காளிதாஸ் அவள் பிறந்த இடம் அது என்றான். சித்தையன் தாலி கட்டியவன் நான் என்றான். கடைசியில் ஆடியிலிருந்து மார்கழி வரை நாவல்துறை, தையிலிருந்து ஆனி வரை மண்டி மொஹல்லா என்று முடிவாயிற்று. யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தண்ணீர் விஷயத்தில் எழுதியது எதுவும் நின்றதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். தாரணியை யாரும் கேட்கவில்லை.

அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை பாக்கியலட்சுமி ஆற்றைத் தாண்டுகிறாள். கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அவளுக்கு. மடியில் குடம், பக்கத்தில் தாரணி, தாரணியின் மடியில் கோடி. செக்போஸ்டில் ஏறிச் சோதிக்கிறவர்கள் அவள் காலடி ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பூட்ஸைத் தூக்கித் தாண்டிப் போகிறார்கள். நாவல்துறையிலும் காளிதாஸ் வாய்க்கால் வெட்டியிருக்கிறான். அவன் வீட்டு ஓட்டுக் கூரை மாறி காங்கிரீட் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெண்துறையில் பரிசல் கரை தட்டியதும் தாரணி கோடியை நீட்டி, இப்போ போத்திரலாமா மாமா என்று கேட்கிறாள். முதல் வருஷம், மழை பெய்யட்டும் சாமி என்றான். 1999இல் இரண்டு கரையிலும் நல்ல மழை பெய்து ஆறு கரை தொட்டு ஓடியது. அந்த ஆடியிலும் கேட்டாள்.

"இந்த வருசம் பெஞ்சிருச்சு," என்றான் காளிதாஸ், துடுப்பைக் கரையில் ஊன்றிக்கொண்டே. "அடுத்த வருசம் எப்படியோ, யாரு கண்டா?"

தைக்கு அவர்கள் மைசூர் திரும்பினார்கள். கண்டக்டருக்குப் பழகிவிட்டது. அந்த சீட்டை முன்கூட்டியே துடைத்து வைத்து, பின்னால் இருப்பவர்களிடம் காலை மேலே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு டிக்கெட் கிழித்தார். ஹனூரில் ஏறிய ஒரு பெண், தன் பிள்ளைக்குத் தாகம் என்று டம்ளர் கேட்டு, பாக்கியலட்சுமியின் முந்தானையடியில் பிடித்துக் கொடுத்தாள். தாரணி கோடியை நனையாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.