ஜெமி இல்லாத காப்பி

ஒரிஜினல் டிவிடியை இரண்டாவது தடவை பிளேயரில் போடுவது ஷாஜினுக்குப் பிடிக்காத காரியம். சென்னைக்குப் போகும்போதெல்லாம் படம் வாங்கி வருவான். வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு காப்பி எடுத்துவிடுவான். ஒரிஜினல் உறையோடு பீரோவுக்குள் போய்விடும். வீட்டில் பார்ப்பதெல்லாம் காப்பிதான். கீறல் விழுந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். விற்பதும் இல்லை, இரவல் கொடுப்பதும் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் இருந்தான். அங்கே தோஸ்துகள் கேட்டால், "இது என் வீட்டுக்கு மட்டும்ப்பா" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவான்.

ஒரிஜினலில் இருப்பதெல்லாம் பிளாங்க் டிஸ்க்கில் கொள்ளாது. எதையாவது கழித்துக் கட்ட வேண்டும். சாஃப்ட்வேர் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும். எதன் பக்கத்தில் டிக்கை எடுக்கிறோமோ அது காப்பியில் வராது. அந்த வேலையில் ஷாஜினுக்கு ஒரு ருசி இருந்தது.

பீரோவில் இருந்த படங்களில் ஒன்றை மட்டும் அவன் தங்கைக்காக வாங்கியிருந்தான். ஜெமி வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது கோட்டைக்குள் ஒரு பாட்டுக்கு ஷூட்டிங் நடந்தது. கூட்டத்தில் நின்று கை தட்டுவதற்குப் படிக்கிற பெண்களைக் கூப்பிட்டுப் போனார்கள். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. டிவிடி வந்ததும் ஷாஜின் கடை கடையாகத் தேடிப் பிடித்தான். எல்லாப் பெண்களும் ஒன்றாகக் கை தட்ட, பச்சைச் சுடிதாரில் ஜெமி மட்டும் ஒரு தட்டு பிந்தித் தட்டுவாள். அது அவளுக்கே தெரிந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவ்வளவுதான். அதற்கே அன்றைக்கு வீடு விழுந்து விழுந்து சிரித்தது.

மறு வருஷம் ஜெமி தமிழ்வேந்தனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சோளிங்கர்ப் பக்கத்துப் பையன், ஷாஜினின் கம்பெனியிலேயே தோல் வெட்டும் பிரிவில் வேலை, இந்து. ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு இருவரும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். அப்பா சத்தியநாதன் தோல் மண்டியில் மேனேஜர், சர்ச் சபைக் கமிட்டியில் செக்ரட்டரி. ஜெமியின் போட்டோக்களைப் பின்வாசலில் போட்டுக் கொளுத்தினார். குடும்பப் படங்களில் அவள் முகத்தை மட்டும் கத்தரியால் வட்டமாக நறுக்கி எடுத்தார். அதன் பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் எழவில்லை.

அம்மா பொன்மலர் ஸ்கூல் டீச்சர். வகுப்பில் அதட்டிப் பேசுகிறவள் வீட்டில் வாயைத் திறக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா கமிட்டிக் கூட்டத்துக்குப் போனதும் மகனிடம் வந்து நிற்பாள். "அந்தப் பாட்டைக் கொஞ்சம் போடுடா." போடுவான். அவள் உட்காரமாட்டாள், டிவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்ப்பாள். கை பிந்துகிற இடம் வந்ததும், "பாரு, மக்கு" என்பாள். கண் நிறைந்துவிடும்.

ஷாஜினுக்கு முப்பது தாண்டியது. வாணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் மாப்பிள்ளை பார்க்க வந்தது. ஒரே பிள்ளை என்று சொல்லித்தான் புரோக்கர் கூட்டி வந்திருந்தார். அப்பாவும் ஷாஜினும் ஆண்களுக்கு மாடியைச் சுற்றிக் காட்டப் போன நேரத்தில், பெண்ணின் அம்மாவும் சித்தியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்மலருக்கு என்ன தோன்றியதோ, அந்த டிஸ்க்கைப் போட்டு, "இதான் எங்க ஜெமி, என் பொண்ணு" என்று காட்டிவிட்டாள். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எங்க அந்த டிஸ்க்கு? கொண்டா, ஒடைக்கிறேன்" என்று சத்தியநாதன் குதித்தார்.

"ஒடைச்சா அம்மா அழுவும், தெருவுக்கே கேக்கும்" என்றான் ஷாஜின். "அது என் வேலைப்பா. நான் பாத்துக்கறேன்."

அவனுடைய ஆத்திரம் அப்பாவுடையதைவிட ஆறியதாக இருந்தது. ஒரிஜினலைக் கம்ப்யூட்டரில் போட்டான். பாட்டு முழுவதையும் எடுத்துவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஜெமி வருகிற இடத்தை மட்டும் வெட்டினால் இசை துள்ளியது. வேறொரு சாஃப்ட்வேரில் இசையை அப்படியே விட்டுவிட்டு, ஹீரோ நடந்து வருகிற இன்னொரு துண்டை அந்த இடத்தின் மேல் ஒட்டினான். சரியாக உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய்தான். கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது ஒட்டு எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டான். பழைய காப்பியையும் ஒரிஜினலையும் கம்பெனிக்கு எடுத்துப் போய், தோல் வெட்டும் கத்தரியால் நறுக்கிக் கழிவு மூட்டையில் போட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து நின்றாள். போட்டான். பெண்கள் கை தட்டினார்கள், ஹீரோ நடந்தான், பாட்டு முடிந்தது.

"வரலியேடா."

"இன்னா வரல?"

"ஜெமி."

"இந்தப் படத்துல ஜெமி எங்கம்மா வருது?"

பொன்மலர் அவன் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போட்டான். மூன்றாவது தடவை அவள் டிவி கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கி அவங்க வந்தப்ப காட்டினேனே!"

"காட்டின. யாரோ ஒரு பொண்ணைக் காட்டி ஜெமின்ன. பாவம், அவங்க பயந்துட்டாங்க. வீட்ல இப்படி ஒரு ஆள் இருக்குதேன்னுதான் வேணாம்னுட்டாங்க. ஒன்கிட்ட சொல்ல வேணாம்னு பாத்தேன்."

அம்மா டிவியை அணைத்தாள். பிறகு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். தன்னால்தான் பிள்ளையின் கல்யாணம் நின்றது என்று எண்ணி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

அதோடு விட்டுவிடுவாள் என்று ஷாஜின் கணக்குப் போட்டான். ஆனால் பொன்மலர் ரிமோட்டில் படத்தை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். படத்தைத்தான் தான் மாற்றி நினைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அவன் எடுத்து வைத்திருந்த காப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். எந்தப் படத்திலாவது கூட்டம் வந்தால் நிறுத்துவாள், முகம் முகமாகத் தேடுவாள், பின்னால் ஓட்டி மறுபடி தேடுவாள். ஷாஜின் வேலையிலிருந்து வரும்போது டிவியில் யாரோ ஒரு பெண்ணின் முகம் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். அவன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவான்.

அந்த வருஷமே ஹெப்சியோடு கல்யாணம் கூடி வந்தது. ஆற்காட்டுப் பெண், வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த கொஞ்ச நாளிலேயே மாமியார் செய்வதைக் கவனித்துவிட்டாள். ஜெமி என்று ஒருத்தி உண்டு என்பதும் சர்ச் பெண்கள் வாயிலாக அவள் காதுக்கு வந்தது.

"உண்டு, ஓடிப்போய்ட்டா" என்றான் ஷாஜின். "ஆனா சினிமாவுல வந்தான்றது அம்மாவோட பிரமை."

ஹெப்சி நம்பினாள். அக்கறையோடு அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை எழுதினார். ஹெப்சியே வேளை தவறாமல் கொடுத்தாள். பொன்மலரின் கை நடுங்க ஆரம்பித்தது. கரும்பலகையில் எழுத வரவில்லை. ஸ்கூலை விட்டு நின்றுகொண்டாள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு நாள் ஜெமி ஹெப்சியைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். பேச்சோடு பேச்சாக ஹெப்சி அந்தப் பிரமையைச் சொல்ல, ஜெமி விழித்தாள்.

"பிரமையா? நான்தான் அண்ணி அது. பச்ச சுடிதார். கைகூட ஒழுங்காத் தட்டமாட்டேன். அண்ணன்தானே டிவிடி வாங்கியாந்துச்சு?"

வீட்டுக்கு வந்த ஹெப்சி கதவைச் சாத்தினாள்.

"ஒரிஜினல் எங்கங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"வெட்டிட்டேன்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அந்த மாத்திரைய என் கையால குடுத்தேங்க" என்றாள். "ஞாயித்துக்கெழம ஜெமியக் கூட்டிட்டு வர்றேன். அத்தைகிட்ட நீங்க உங்க வாயால சொல்லணும்."

ஷாஜின் ஒப்புக்கொண்டான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். என்ன வார்த்தை சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

ஜெமி வந்தாள். உடம்பு பெருத்து, தலைமுடி குறைந்திருந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காலடியில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான்தாம்மா."

பொன்மலர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்றது. தலையைத் திருப்பி மகனைத் தேடினாள்.

"ஷாஜின், இது ஜெமிதானாடா? நீ சொல்லு. எனக்குத் தெரியாது."

அந்நேரம் பார்த்து வெளிக்கேட் திறந்தது. கமிட்டிக் கூட்டம் சீக்கிரம் முடிந்திருந்தது. சத்தியநாதன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அவர் மேலிருந்த பயத்தில்தான் தனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்று பின்னால் ஷாஜின் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவன் பார்த்தது அப்பாவை அல்ல, அம்மாவின் கண்ணை. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி அங்கிருந்து வரும். அப்படியானால் அந்தப் பாட்டு?

"இல்லம்மா" என்றான்.

"அண்ணா!" என்றாள் ஜெமி.

"அதானே" என்றாள் பொன்மலர். முகத்தில் ஒரு ஆறுதல்கூடத் தெரிந்தது. ஜெமியின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கு இப்பல்லாம் யாரப் பாத்தாலும் அப்படித்தான் தோணுது. உக்காரு, காப்பி போடறேன்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். ஜெமி தரையிலேயே கிடந்தாள். ஹெப்சி உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தாள். ஜெமியைத் தூக்கி நிறுத்தி, தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தியநாதனைத் தள்ளாத குறையாக விலக்கி வெளியேறினாள். ஷாஜினைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலூருக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை. அவளுடைய அப்பா டைட்டஸ் பிறகு ஆள் அனுப்பி நகையையும் துணியையும் எடுத்துக்கொண்டார்.

பொன்மலர் தட்டில் காப்பி டம்ளர்களோடு வந்தாள். கை நடுங்கித் தட்டெல்லாம் சிந்தியிருந்தது.

"எங்க, எல்லாரும் போய்ட்டாங்களா?"

சத்தியநாதன் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். அவள் மீதியை மகன் பக்கம் நீட்டினாள்.

"நீயாவது குடிடா. ஆறிடப் போவுது."

ஷாஜின் வாங்கிக் குடித்தான்.