வாசக்கால் பெஞ்சு

எம் புருஷன் பெரியதம்பி மாதிரி ஒரு வீம்புக்காரரை இந்தக் கூட்டேரிப்பட்டு சுத்துவட்டாரத்துலயே பாக்க முடியாது. சோறு வேணாம்னு சொல்லிட்டா வேணாந்தான். வயிறு கத்தினாலும் தட்டுப் பக்கம் திரும்ப மாட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் வாயிலதான், மூணு வருஷம் முன்னாடி, எங்க ஒரே பொண்ணு அஸ்வினி சேரனைக் கட்டிக்கினு வந்து நின்னப்போ அந்த வார்த்த வந்துச்சு.

"இனிமே எங்கூட்டு வாசப்படிய மிதிக்காத."

சேரன் வேற சாதி, சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன். திண்டிவனத்துல செல்போன் கடையில வேலை. தங்கமான புள்ளை. இவரு கண்ணுக்குச் சாதிதான் தெரிஞ்சுது, புள்ளை தெரியல.

அவளும் அந்த அப்பனுக்குப் பொறந்தவதான. "நீயா கூப்புடாம வரமாட்டேம்பா"ன்னுட்டுத் திரும்பிப் போனவதான். என்கூட மட்டும் போன்ல பேசுவா. இவரு பக்கத்துல உக்காந்து காதைத் தீட்டிக்கினு கேப்பாரு. "குடுக்கட்டுமா?"ன்னா போதும், எழுந்து மல்லாட்டைக் கொல்லைக்குக் களை புடுங்கப் போயிடுவாரு.

இந்த வருஷம் ரோட்டை அகலம் பண்றோம்னு வூட்டு முன்பக்கத்த இடிச்சாங்க. ஜேசிபி கையத் தூக்கினதும் இவரு ஓடிப் போயி குறுக்க நின்னாரு. வூட்டுக்காகன்னு பாத்தா, வாசக்காலுக்காக! கடப்பாறைய வாங்கி அவரே நோண்டி, ரெண்டு நெட்டுச் சட்டம், மேல் சட்டம், அடியில வாசப்படி, நாலையும் முழுசா எடுத்தாரு. கூரையில இருந்த பனங்கைங்களையும் பொறுக்கிக்கினாரு. வெறகுக்கு ஆச்சுன்னு நான் நெனச்சேன்.

பாத்தா புங்க மரத்தடியில போட்டுக்கினு பெஞ்சு செய்யறாரு! உளி புடிக்கத் தெரியாது, கட்டைவெரல்ல எப்பவும் ஒரு துணி சுத்திக்கினுதான் இருப்பாரு. நெட்டுச் சட்டம் ரெண்டும் உக்கார்ற எடம், பனங்கைத் துண்டுங்க காலு, சாஞ்சிக்க முதுகுப் பக்கம் வாசப்படி. ஒரு காலு குட்டையாப் போயி ஆடுச்சு. அடியில ஓட்டுச் சில்லு ஒண்ண சொருகினாரு.

இவரோட அக்கா லட்சுமியம்மாள் வந்து தலையில அடிச்சிக்கினாங்க. "வாசக்கால்ல எவனாச்சும் உக்காருவானாடா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சள் பூசிக் கும்புட்ட மரம்டா அது!"

இவரு பாட்டுக்குப் பெஞ்சுல உக்காந்து, இன்னும் ஆடுதான்னு பாத்தாரு.

அது போவட்டும். புதுசா முன்பக்கம் கட்டறப்போ கொத்தனார்கிட்ட, "வாசப்படி வேணாம், தரையோட தரையா வுட்டுடு"ன்னாரு பாருங்க, எனக்கு எங்கேர்ந்துதான் கோவம் வந்துச்சோ!

"வாசப்படி இல்லாத வூடு எங்கனா உண்டாய்யா? மழைத்தண்ணி வரும், பாம்பு வரும்!"

"வரட்டும். பாம்பு வர்ற வழியில நம்ம பொண்ணு வரமாட்டாளா?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. சொன்ன சொல்ல வாபஸ் வாங்க மனசு வரல, அதுக்காக வாசப்படியவே பேத்து எடுத்திருக்காரு! சிரிக்கிறதா அழுவறதா? "அட பாவி மனுஷா, 'வாடி கண்ணு'ன்னு ஒரு போன் போட்டா முடிஞ்சுது"ன்னேன்.

"சொன்னது சொன்னதுதான். மிதிக்கறதுக்குத்தான் வாசப்படி இல்லியே. வரச் சொல்லு. இல்ல, சொல்லாத. பெஞ்ச மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. வாசக்கால் மரத்தப் பாத்தா அவளுக்கே புரியும்."

சரின்னு போன எடுத்தா, "இரு, இரு"ன்னு இரும்புக் கேட்டுக்கு வாங்கி மீந்த ஊதா பெயிண்ட எடுத்தாந்து பெஞ்சு முன்பக்கம் முழுக்க அடிக்கிறாரு. "பூசாதய்யா, மரமே தெரியாது"ன்னு கத்தறேன். "எண்ணெய்ப் பிசுக்கு ஏறின மரம்டி, அவ பொடவையில ஒட்டிக்கும். இப்ப எடு, முன்பக்கமா எடு." அவரு சொன்ன மாதிரியே போட்டோவ மட்டும் அனுப்பினேன், ஒரு எழுத்து எழுதல.

கொஞ்ச நேரத்துல பதில் வந்துச்சு. "சூப்பர்மா. யாருக்கு விக்கிறதுக்கு?"

படிச்சுக் காட்டினேன். பெயிண்ட் கையோட அப்படியே உக்காந்துட்டாரு. "விக்கிறதுக்கா?"ன்னாரு. அவ்ளோதான். சாயங்காலமா என்கிட்ட வந்து, "ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு இருக்கும். நானே பேசறேன்"ன்னாரு. எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சு.

அந்த ஞாயித்துக்கெழமைய அவரு பாக்கல. வெள்ளிக்கெழம காலையில மோட்டார் போடப் போனவரு அங்கயே நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சுட்டாரு.

வெளியில போன உசுரு, பொணத்த உள்ள கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. ஆளு நீளத்துக்கு வெளியில வேற என்ன இருக்குது? அந்தப் பெஞ்சுலயே கெடத்தினாங்க. அஸ்வினி ஓடி வந்து அப்பன் காலப் புடிச்சிக்கினா. எடுக்கற வரைக்கும் வுடல.

ஆம்பளைங்க சுடுகாட்டுக்குப் போனப்புறம் நாத்தனார் சொன்னாங்க: "பொணம் கெடந்த பெஞ்சு வூட்டுக்கு ஆவாது. தூக்கி ஏரியில போடச் சொல்லு."

அஸ்வினி போயி அதுல உக்காந்துட்டா. "அப்பா கடைசியா படுத்தது. யாரும் தொடாதீங்க."

"உள்ள வாடி, தலைக்குத் தண்ணி ஊத்தணும்."

"எப்படிம்மா வர்றது? அவரு கூப்புடவே இல்லியே."

அவ தோளப் புடிச்சு வாசல் பக்கம் திருப்பினேன். "கூப்புட்டாருடி! அந்தப் பக்கம் பாரு, வாசப்படி எங்க இருக்குது? நீ வரணும்னுதான் பேத்தெடுத்து, ஒனக்குப் பெஞ்சு செஞ்சாரு!"

அவ வாசலப் பாத்தா. வெளித்தரையும் உள்தரையும் ஒண்ணாக் கெடந்துச்சு. மெதுவா, சாஞ்சிருந்த சட்டத்துக்குப் பின்னால கைய வுட்டுத் தடவினா. அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கல. இத்தினி வருஷமா நடந்து நடந்து தேஞ்ச குழியும், நான் பூசின மஞ்சளும் அப்படியே இருந்துச்சு. கைய எடுத்துப் பாத்தா. வெரல்ல மஞ்சள்.

"இது போட்டோல தெரியலியேம்மா"ன்னா.

"அவரு முன்பக்கம்தாண்டி எடுக்கச் சொன்னாரு"ன்னேன்.