தீக்கென்று வைத்த தண்ணீர்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் ரூம் கிடைத்தாலும் கிடைக்கும், குளிக்கத் தண்ணீர் கிடைக்காது. இரண்டு பேர் ரூமில் எட்டுப் பேர் அடைந்துகொண்டால் எந்தத் தொட்டி தாங்கும்? செங்கம் ரோட்டில் அந்த மூன்று மாடி லாட்ஜில் காலை பத்து மணிக்கே குழாயில் காற்றுதான் வந்தது.

திட்டெல்லாம் ரேவதிக்கு. ரூம் பெருக்கி விரிப்பு மாற்றுகிறவள் என்ன செய்வாள் பாவம்? கீழேயிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தூக்கிக் கொடுத்தாள். பதினோராவது பக்கெட்டோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தாள். அவள் புருஷன் சகாதேவன் அங்கேதான் குழாய் வேலையாக இருந்தான்.

"இன்னாங்க, இனிமே என்னால தூக்க முடியாது. அந்தச் செவப்புத் தொட்டி நெறைய தண்ணி சும்மாதான கெடக்குது? தொறந்து விடுங்களேன்."

சிவப்புத் தொட்டி ஸ்பிரிங்க்ளருக்கானது. ரூமுக்கு ரூம் கூரையில் ஒரு சின்னக் குழாய்த்தலை, அதில் ஒரு கண்ணாடிக் குமிழ். சூடு ஏறினால் குமிழ் வெடித்துத் தண்ணீர் கொட்டும். நாலு வருஷத்தில் ஒன்றுகூட வெடித்ததில்லை.

"அத்தத் தொடக்கூடாது ரேவதி. தீக்குன்னு வெச்சது."

"மூணு மணிக்கு லாரி வந்தா திரும்ப ரொப்பிடலாம் இல்ல?"

அவள் உள்ளங்கையைப் பார்த்தான். பக்கெட் பிடி அறுத்துக் கன்றிப் போயிருந்தது. முதலாளியே கேட்டிருந்தாலும் முடியாது என்றிருப்பான். இவள் கேட்டாள், வால்வைத் திருப்பிவிட்டான். சிவப்புத் தொட்டித் தண்ணீர் ரூம் குழாய்களுக்கான தொட்டிக்குப் பாய்ந்தது. அதற்கப்புறம் அவள் ஒரு பக்கெட்டும் தூக்கவில்லை.

மூன்று மணிக்கு லாரி வரவில்லை. கூட்டத்துக்காக ரோட்டை மறித்ததில் ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நின்றுவிட்டது. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டான். பாழாய்ப்போன நினைப்பு.

மலையில் தீபம் ஏறின பிறகுதான் கீழே விளக்கேற்றுவார்கள். 303-ல் இருந்த வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. முன்னாடியே ஜன்னல் திரைக்கு அடியில் வரிசையாக அகல் ஏற்றி வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டார்கள். பக்கத்துத் துணி ரூமில், விரிப்புகளை மடித்த களைப்பில் ரேவதி அதன்மேலேயே தலை சாய்த்திருந்தாள்.

ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்தது. மொட்டை மாடி முழுக்க அரோகரா. சகாதேவனும் காலித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். புகை வாசம் வந்தது. ஊர் முழுக்கக் கற்பூரம் எரிகிற நேரத்தில் புகையை யார் சந்தேகப்படுவார்கள்? படிக்கட்டு வழியாகக் கரும்புகை சுருண்டு வந்த பிறகுதான் அது கற்பூரம் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான். தடவித் தடவித் துணி ரூமுக்குப் போய் அவளைத் தூக்கிவந்தான். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகையே போதுமாக இருந்தது. பெரியாஸ்பத்திரியில் நாடியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

தீயை அணைத்தது பாத்ரூம்களில் பிடித்து வைத்திருந்த பக்கெட் தண்ணீர். எல்லாம் சிவப்புத் தொட்டியில் இருந்து வந்த தண்ணீர்தான்.

மறுநாள் மத்தியானம் தீயணைப்பு அதிகாரி வந்து அவனை 303-க்குக் கூப்பிட்டார். கரி பிடித்த கூரையில் குழாய்த்தலை மட்டும் அப்படியே இருந்தது. குமிழ் வெடித்திருந்தது.

"இது கரெக்டா தொறந்திருக்குப்பா. தண்ணி இருந்திருந்தா தெரையோடவே அணைஞ்சிருக்கும். பக்கத்து ரூமுக்குப் புகையே போயிருக்காது. தொட்டிய யாரு காலி பண்ணது?"

"நான்தாங்க."

முதலாளி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"பயப்படாம சொல்லு. யாரு சொல்லிப் பண்ண?"

சகாதேவன் குமிழ் வெடித்த குழாய்த்தலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"யாரும் சொல்லலீங்க. யாரும் கேக்கலீங்க. நானாத்தான் தொறந்தேன்."