இரண்டு ஆத்துத்தோட்டங்கள்

ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் யாவும் ஆதியில் ஒரே ஊராக இருந்தவையே. அவற்றைப் பிரித்தது காலம். கைவிடாமல் காத்து நிற்பது பெயர். மலைநாட்டின் மெய்யான சரித்திரம் இந்த உண்மைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இந்த உண்மை 1932ஆம் ஆண்டில், கண்டி நகரத்துத் திருகோணமலை வீதியிலுள்ள ஒரு புடவைக்கடையின் பின்கட்டில், சேலை மூட்டைமேல் சாய்ந்திருந்த கடை முதலாளி தனபாலனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உதயமானது. சரித்திரத்தைத் தேடி அவர் நாலு மைல் தள்ளியிருந்த பேராதெனியாவுக்கு அப்பால் போனதில்லை. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும்.

உண்மை ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு ஒரு மன்றம் வேண்டும். கண்டித் தமிழ் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி மன்றம் அப்படித்தான் பிறந்தது. தலைவர் தனபாலன். காரியதரிசி, நகரசபையில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து நடராஜா. பொருளாளர், கத்தோலிக்கப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்த வலன்ரைன் மாஸ்டர். உறுப்பினர் என்று வேறு யாருமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் தலைவர் பேசுவார். மற்ற இருவரும் தலைவரின் மனைவி அன்னலட்சுமி அம்மாள் சுட்ட உளுந்து வடையைத் தின்றபடி தலையாட்டுவார்கள். வடை நன்றாக இருந்தபடியால் மன்றமும் நன்றாக நடந்தது.

வாரங்கள் போகப்போக உண்மை வளர்ந்தது. ஒரு பெயர் பல இடங்களுக்கு இருந்தால், அவற்றுள் எது மூலம், எது நகல்? தலைவர் அதற்கும் விதி வகுத்தார். பெரிய ஆற்றின் கரையில் இருப்பது மூலம். சிற்றாற்றின் கரையில் இருப்பவை நகல்கள்.

"அப்ப ஆறே இல்லாத ஊருக்கு?" என்று வலன்ரைன் மாஸ்டர் ஒருமுறை கேட்டார்.

"அதெல்லாம் ஊரே இல்ல மாஸ்டர்."

இந்த விதிக்கு வேலை வைத்தவை தேயிலைத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சீமையை நினைத்து வைத்த பெயர் பலகையில் இருக்கும். சனங்கள் கண்ணில் பட்டதை வைத்துக் கூப்பிட்ட பெயர் வாயில் இருக்கும். பாறை தெரிந்தால் பாறைத்தோட்டம், ஆறு தெரிந்தால் ஆத்துத்தோட்டம், ஒன்றும் தெரியாவிட்டால் புதுத்தோட்டம். மலைநாட்டில் ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஆத்துத்தோட்டங்களுக்கும் பஞ்சமில்லை. குழப்பம் வராமலிருக்க எல்லோரும் பக்கத்துக் கடைவீதியையும் சேர்த்தே சொல்வார்கள்: மடுல்கெல்ல ஆத்துத்தோட்டம், நாவலப்பிட்டி ஆத்துத்தோட்டம் என்று. தனபாலன் மட்டும் சேர்க்கமாட்டார்.

"மூலத்துக்கு எதுக்குய்யா அடைமொழி?" என்பார்.

அவருடைய மகள் இராஜேஸ்வரிக்கு வந்த சம்பந்தம் மடுல்கெல்ல ஆத்துத்தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே அழகையா, கூலியாட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி. அவர் மகன் செல்வராசு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் உத்தியோகம் பார்த்தான். மருந்துப் பெட்டி எடுப்பதற்கு மாதமொரு முறை கண்டிக்கு வருவான். பெட்டி கொடுக்கும் இடத்துக்கும் புடவைக்கடைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அவன் எந்த வழியில் போனாலும் புடவைக்கடை வழியாகத்தான் போனான். இராஜேஸ்வரியும் அந்த நேரம் பார்த்துத்தான் மாடி ஜன்னலில் தலை உலர்த்துவாள்.

இரு தரப்பையும் சேர்த்து வைத்தவள் தோட்டம் தோட்டமாக வளையல் விற்கும் பாலம்மா. பெண்ணின் தகப்பனார் முதலில் வெற்றிலைத் தாம்பாளத்தோடு போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அழகையா கங்காணி அதற்கொரு கெடுவும் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை உச்சிக்குள்ள அவங்க வரணும்," என்று பாலம்மாவிடம் சொல்லியனுப்பினார். "வரலைன்னா எங்கள மதிக்கலன்னு எடுத்துக்குவேன். மாத்தளைப் பொண்ணு வீட்டுக்காரங்க திங்கக்கிழமை வர்றோம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இதைக் கேட்ட நாளிலிருந்து இராஜேஸ்வரி சரியாகச் சாப்பிடவில்லை. தகப்பனாரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு காலை, வத்தேகம வழியாக மடுல்கெல்லைக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்தில் பாலம்மா காத்திருக்க, தனபாலன் சரிகைத் தலைப்பாகை கட்டி, தம் பெயர் பொறித்த பித்தளைத் தாம்பாளத்தை நடராஜாவின் கையில் கொடுத்து, ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

"ஐயா, மடுல்கெல்லைக்கு ரயில் போகாதெல்லோ?" என்றார் நடராஜா.

"மடுல்கெல்லைக்கு யார் போறா? அங்க ஓடுறது ஹுலு கங்கை. மகாவலிக்கு அது ஒரு கிளை. கிளைக் கரையில இருக்கிறது நகல். பெரிய கங்காணி ஒருத்தர் நகல்ல குடியிருப்பாரா? ஆத்துத்தோட்டம்னா மகாவலிக் கரையில, நாவலப்பிட்டியில இருக்கிறதுதான். வளையல் விக்கிறவளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்க தெரியும்?"

"ஓம் ஐயா," என்றார் நடராஜா. ரயிலில் வாந்தி வராது என்பதும் இந்த ஆராய்ச்சிக்குத் துணை நின்றதை அவர் கவனித்தார். கவனித்ததைச் சொல்லவில்லை. பெண்வீட்டார் போகும் இடத்தில் மத்தியானம் நிச்சயம் விருந்து இருக்கும்.

நாவலப்பிட்டி நிலையத்துக்கு வெளியே ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்காரன் தலைப்பாகையைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டினான்.

"கண்டி முதலாளிங்களா? ஆத்துத்தோட்டத்துக்குத்தானுங்களே?"

தனபாலன் நடராஜாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மன்றத்தின் வெற்றி முழுவதும் இருந்தது.

வண்டிக்காரன்மேல் பிழையில்லை. அந்த ஆத்துத்தோட்டத்துக் கங்காணி முத்துலிங்கமும் அன்று கண்டியிலிருந்து ஒரு புடவைக்கடை முதலாளியை எதிர்பார்த்திருந்தார். அந்த முதலாளி மனைவியை இழந்தவர். கொஞ்சம் வயதானவர், ஆனால் வசதியானவர். முத்துலிங்கத்தின் தங்கை ராக்கம்மாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார். அவரோ அன்று காலை ரயிலைத் தவறவிட்டுவிட்டார்.

கங்காணி வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. வெள்ளைத்துணி போட்ட கதிரை ஒன்று நடுக்கூடத்தில் கிடந்தது. தனபாலன் அதில் அமர்ந்தார். தாம்பாளத்தை முத்துலிங்கம் இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்தடியில் வைத்தார்.

"முதலாளி தனியா இருக்கிறது செரமந்தான்," என்று அவர் பேச்சை மெதுவாகத் தொடங்கினார்.

"ஆராய்ச்சி பண்றவன் தனியாத்தான் இருக்கணும்," என்றார் தனபாலன். "வீட்டுல சொன்னா யாருக்குப் புரியுது?"

"இனிமே அந்தக் கவலை வேணாங்க. எங்க பொண்ணு நாலையும் புரிஞ்சுக்கும்."

நடராஜாவுக்கு அந்த இடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார். அதே நேரம் குசினியிலிருந்து ஆட்டிறைச்சி வேகும் மணம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ராக்கம்மா காப்பி கொண்டுவந்தாள். முப்பதைத் தாண்டியவள்; கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு வழக்காடி எடையைத் திருத்த வைப்பவள். காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்று வந்தவரை நன்றாகப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சகோதரி போலும் என்று எண்ணிய தனபாலன், அவளுக்கும் விளங்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

மகா ஓயா என்னும் ஆற்றைப் பற்றிப் பேசினார். தீவில் எத்தனையோ மகா ஓயாக்கள் ஓடினாலும் தாய் ஓயா ஒன்றுதான் என்றார். காப்பி ஆறியது. எல்லா ஆத்துத்தோட்டங்களும் இந்த ஆத்துத்தோட்டம் பெற்ற பிள்ளைகள் என்றார். இலை போட்டார்கள், சாப்பிட்டபடியே பேசினார். புதுத்தோட்டங்களுக்கு வந்தபோது நடராஜா மூன்றாம் முறை சோறு வாங்கினார்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?" என்று ராக்கம்மா கதவோரமிருந்து கேட்டாள்.

"எப்பவும்," என்றார் தனபாலன் பெருமையோடு. "தூக்கத்துலகூட."

அவள் உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் கண்டியில், காத்திருந்து அலுத்த பாலம்மா கடைக்கு வந்துவிட்டாள்.

"முதலாளி எங்கம்மா? பஸ்ஸு போயிருச்சு."

"உங்கூட வரல?" என்றாள் அன்னலட்சுமி. ரயில் நிலையத்துப் பக்கம் போனதைப் பார்த்ததாகக் கடைச் சிப்பந்தி சொன்னான். அன்னலட்சுமி வெள்ளிக்கிழமைகளில் வடை சுட்டுக்கொண்டே மன்றத்துச் சொற்பொழிவுகளைக் கேட்டவள். ரயில் எங்கே போகிறது, ஏன் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு உடனே புரிந்தது.

"அடுத்த பஸ் உச்சிக்குள்ள போய்ச் சேருமா பாலம்மா?"

"ஓடிப்போய் ஏறுனா சேரும். ஆனா ஆம்பள இல்லாம போறதா?"

"ஆம்பள போன லட்சணந்தான் தெரியுதே," என்று அன்னலட்சுமி தாம்பாளத்தைத் தேடினாள். நல்ல தாம்பாளம் நாவலப்பிட்டிக்குப் போயிருந்தது. வடை வைக்கும் தட்டைத் துடைத்து அதில் வெற்றிலையை அடுக்கினாள்.

இராஜேஸ்வரி பழைய சேலையைக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"நீ எங்கடி?"

"பாலம்மாக்காவோட வளையல் கூடையைத் தூக்கிட்டு வர்றேன். கூடை தூக்குறவள யாரு நிமிந்து பாக்கப்போறா?"

செல்வராசு நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததும் கையிலிருந்த மருந்துப் போத்தலை நழுவவிட்டான். மடுல்கெல்லைக் கங்காணி வீடு முழுக்க இருமல் மருந்து வாசம் அடித்தது. பெண்கள் மட்டும் வந்ததைக் கண்டு அழகையா கங்காணி முதலில் முகத்தைச் சுளித்தார். "அவருக்குக் காச்சலுங்க, குறிச்ச நேரம் தப்பக்கூடாதுன்னு நான் ஓடி வந்தேன்," என்று அன்னலட்சுமி சொன்னதும் தணிந்தார். அதற்குள் உள்ளே வளையல் பார்க்கக் கூடிய பெண்கள், வளையல்காரியோடு கூடவந்தவளுக்கு எந்த வளையலின் விலையும் தெரியவில்லை என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள். வந்தவள் கலியாணப் பெண்ணேதான் என்ற விஷயம் கங்காணியின் காதுக்கும் போனது. அவரும் சிரித்துவிட்டார். தை மாதத்தில் கலியாணம் என்று முடிவானது.

தனபாலன் சாயங்காலம் வந்து சேர்ந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது. என்ன மரியாத, என்ன சாப்பாடு," என்றார்.

"எங்க போனீங்க?"

"ஆத்துத்தோட்டம்."

"நாங்களும் ஆத்துத்தோட்டந்தான் போனோம். உங்களக் காணலியே."

நடராஜா சுவரில் தொங்கிய முருகன் படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியா," என்றார். "ஒரே நேரத்துல ஒரே ஊருக்குப் போயிருக்கோம். ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னது பலிச்சிருச்சா இல்லியா?"

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தில் இதையே அவர் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். வலன்ரைன் மாஸ்டர் இரண்டாவது வடையில் இருந்தார். அப்போது முத்துலிங்கம் கங்காணி பின்கட்டுக்குள் நுழைந்து, பெயர் பொறித்த பித்தளைத் தாம்பாளத்தை மூட்டைமேல் வைத்தார். வெற்றிலை வாடியிருந்தது.

"முதலாளி கோவிச்சுக்கக் கூடாது," என்று தொடங்கியவர், காப்பியோடு வந்த அன்னலட்சுமியைக் கண்டு நிறுத்தினார். "இவங்க?"

"முதலாளியின்ரை மனுசி," என்றார் நடராஜா, தரையைப் பார்த்தபடி.

"சம்சாரம் இருக்காங்களா? அப்ப அன்னைக்கு எதுக்குய்யா எந்தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தீங்க?"

யாரும் வடையைக் கடிக்கவில்லை. அன்னலட்சுமி காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரையே பார்த்தாள். நடராஜா தட்டுத்தடுமாறி நடந்ததையெல்லாம் விளக்கினார். தனபாலனுக்கு எல்லாம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் தலைப்பாகையைச் சரி செய்து, கருணை நிறைந்த குரலில் பேசினார்.

"பெரிய தப்பு நடந்துபோச்சு கங்காணி. அந்தப் பொண்ணு பாவம், என்னென்ன நெனச்சு மனசுல ஆசைய வளத்திருக்கோ. கதவோரத்துல நின்னு வச்ச கண்ணு வாங்காமப் பாத்துச்சு. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. எனக்குக் குடும்பம் இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு அவசியமில்லீங்க. நான் வந்ததே தாம்பாளத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போகத்தான்."

ராக்கம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.