முப்பத்தேழாம் வில்லை

சுரங்கத்தின் விளக்கறை காபிக் கடையாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தும், உள்ளே நுழைந்ததும் அங்கே வில்லைக்காரராக இருந்த பெரியவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. விளக்குகள் இருந்த அலமாரியில் கேக். அவர் ஆயுசில் பாதியை நின்றே கழித்த ஜன்னலில் ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பின்னால் அதே பலகை, அதே ஆணிகள், நம்பர் பொறித்த அதே பித்தளை வில்லைகள். தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அவர் காலத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

கூட வந்தவள் தம்பி மனைவி. "இருக்கா மாமா?" என்றாள். அதற்காகத்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

இருந்தது. முப்பத்தேழு. தம்பியுடையது.

அந்தக் காலத்து முறை சுலபம். இறங்குகிறவன் ஜன்னலில் வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்குவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்குவான். "இன்ன நம்பர் வந்தாச்சு" என்று இவர் உரக்கச் சொல்வார். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், வெடி வைக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகத் தொழிலாளர் சங்கம் பட்டினி கிடந்து ஜெயித்திருந்தது.

கூரை சரிந்து தம்பி மாட்டிக்கொண்டான். தோண்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. இனி எங்கே வரப்போகிறான், வெடி வைத்து வேலையைத் தொடங்குங்கள் என்றது நிர்வாகம். வில்லை தொங்குகிறதே என்று அத்தனை பேரும் வாயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"அவரோடதுன்னு அது ஒண்ணாவது குடுங்க மாமா" என்று அப்போதே அவள் அழுதாள். ஆள் வந்தால் ஆள் கையில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார் இவர். போராட்டம் நடந்தவரை அது நியாயம். சுரங்கமே போன பிறகும் அசைந்து கொடுக்கவில்லையே, அதை என்னவென்று சொல்ல.

"ரெண்டு காபி" என்று இப்போது காசை வைத்தார். "அந்த முப்பத்தேழக் குடும்மா."

"எதுவா இருந்தா என்ன தாத்தா" என்று பெண் கழற்றிக் கொடுத்துவிட்டாள். "கூப்பிடும்போது இதக் குடுத்துட்டு காபி வாங்கிக்கங்க."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். "அப்ப இது கையில இருந்தா, வந்தாச்சா, வரலையா?"

"இன்னும் வரலைன்னு அர்த்தம். காபியச் சொல்றேன்."

எல்லாம் தலைகீழாக இருந்தது. வில்லையைத் தம்பி மனைவியிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவருக்கு விளங்கவில்லை. கொடுத்தது சரியா தப்பா என்பதும் விளங்கவில்லை. கொடுத்துவிட்டால் தம்பி வெளியே வந்துவிட்டான் என்றாகிறது. அவன் வரவில்லையே.

"முப்பத்தேழு" என்று பெண் கூப்பிட்டாள்.

தம்பி மனைவி எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

"தாத்தா, அவங்க வில்லையோட போறாங்க."

"காபி வேணாம்மா."

"வேணாம்னா விடுங்க. ஆனா ஒரு ஆணி காலியா இருந்தா முதலாளி என்னத்தான கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் வாசலைப் பார்த்தார். தம்பி மனைவி அங்கே நின்று திரும்பியிருந்தாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள்.

பொய்யா மெய்யா என்று புரியாமலே, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவர் உரக்கச் சொன்னார்.

"முப்பத்தேழு வந்தாச்சு."